இருபது கிலோவுக்குக் கீழே

ஞாயிறு ஐந்தரை. ஆலைச் சங்கு ஊதவில்லை.
பீடோர் இன்னும் செம்பனை எண்ணெயின்
புளித்த வாடையைப் போர்த்திக் கிடந்தது.
எடைமேடையில் வண்டியை ஏற்றி நிறுத்தினேன்,
விளையாட்டுக்குத்தான்.
வாரம் ஆறு நாள் லோரிகளை நிறுப்பவள் நான்:
குலையோடு ஒரு தரம், குலை இறக்கி ஒரு தரம்,
கழித்தால் வருவது தோட்டத்தின் கணக்கு.
நூற்று அறுபது என்றது சிவப்பு எழுத்து.
நானும் என் கப்சாயும் முழு டாங்கியும்.
லோரி எண் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு
சீட்டைச் சட்டைப்பையில் மடித்தேன்.

தாப்பா தாண்டியதும் ரோடு
சொல்ல வந்ததை மறந்தவரைப் போல
திரும்பித் திரும்பி யோசிக்கத் தொடங்கியது.
வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறினேன்.
நூற்றுப் பதின்மூன்றில் ஒரு முட்டைக்கோஸ் லோரி
என் பாதியையும் தன் பாதையாக்கி வந்தது.
புல்லில் இறங்கி, கால் ஊன்றி, மூச்சு வாங்கி
மறுபடி கிளம்பியபோது
எண் எங்கோ விழுந்திருந்தது.
எண்ணாதபோது வளைவு வேறு மாதிரி வருகிறது.
பார்க்கிற பக்கம்தான் வண்டி போகும் என்பார்கள்.
பள்ளத்தைப் பார்க்காதே, பள்ளத்தைப் பார்க்காதே என்று
சொல்லிக்கொண்டே பார்த்தேன் ஒரு தரம்:
மூங்கில், அதற்கும் கீழே மூங்கில்,
அதற்கும் கீழே தண்ணீரின் சத்தம் மட்டும்.

ரிங்லெட்டுக்கு முன்னால் செயின் கழன்றது.
பெத்தாய் கட்டி விற்கும் ஒராங் அஸ்லி ஒருவர்
குந்தியபடியே பார்த்திருந்தார்.
குச்சியால் நெம்பி, பல்லில் மாட்டி, நான் முடிக்கும்வரை
எழவில்லை, சொல்லித்தரவில்லை.
முடிந்ததும் பழைய பேப்பர் ஒன்றை நீட்டினார்.
யார் வீட்டுக் கல்யாணப் படமோ அதில்,
மணமகள் முகத்தில் கறுப்பாக என் ஐந்து விரல்.

தானா ராத்தாவில் தே தாரிக் வைத்த பையன் கேட்டான்:
சொராங்?
எண்ணெய் ஊற்றுகையில் பின்னால் நின்ற சீன அம்மா
ஒற்றை விரலைத் தூக்கிக் கேட்டார்.
கோயில் வாசலில் செருப்பு விட்டுக்கொண்டிருந்த குடும்பம்
பேரைக் கேட்குமுன் அதைக் கேட்டது:
தனியாவா வந்தீங்க? ஏன், வீட்ல ஏதாச்சும்...?
வீட்டில் மூவரும் சுகம்.
சாம்பார் சட்டியில் இருக்கிறது.
யாரும் சாகவில்லை, யாரோடும் சண்டையில்லை.
காரணமில்லாமல் மலையேறியவளுக்கு
அவர்கள் வைத்திருந்த பாரத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

கம்போங் ராஜா தாண்டி இறக்கம்.
இரண்டாம் கியரில் இஞ்சின் முனகியது.
பிரேக் கருகும் நாற்றம் முன்னால் போன வேனுடையது.
மேகம் ரோட்டின் குறுக்கே போய்க்கொண்டிருந்தது
அவசரம் தெரியாத தோட்டத்து மாடு போல.
ஹார்ன் அடித்துப் பார்த்தேன். நகரவில்லை.
உள்ளே புகுந்தேன்.
பத்து வினாடியோ, ஒரு நிமிடமோ,
கைப்பிடிக்கு அப்பால் ஒன்றுமே இல்லை.
மாதக் கடன் இல்லை. ஆறாம் தேதி ஆடிட் இல்லை.
நானே பாதிதான்.
வெளியே வந்தபோது
சத்தமாக யாரிடமோ பேசிக்கொண்டிருந்தேன்.
கடைசிச் சொல் மட்டும் வாயில் மிச்சம் இருந்தது:
ஆமா.

கோப்பெங்கில் மழை. கம்பாரில் மழை.
ஏழரைக்கு ஆலை வாசலில் தீபேந்திரா விளக்கடித்தார்.
"அக்கா, இன்னிக்கு லோரி இல்லே"
என்றார் எங்களிடம் கற்ற தமிழில்.
ஒரு நிமிஷம் என்று மேடையில் ஏற்றினேன்.
ஊறிய சட்டை, ஒரு முட்டைக்கோஸ், பாதி டாங்கி.
நூற்று அறுபது.
மேடை கெட்டுப்போகவில்லை.
இருபது கிலோவுக்குக் கீழே அது எதையும் சொல்வதில்லை.
எனக்குத் தெரியாதா,
பதினோரு வருஷமாக நான்தானே நிறுக்கிறேன்.
காலைச் சீட்டைத் தேடினேன். பையில் கூழாகியிருந்தது.

வீட்டுக் கதவில் சாவி போடுகையில்
விரல்கள் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தன.
நேரான பூட்டுக்கு
இடப்பக்கம் சாய்ந்து போனேன்.